இம்பீட் என்ற சொல்

பெர்னதெத் வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். அன்றைக்கு ‘இம்பீட்’ என்ற சொல். “தடுக்கிறது, இடைஞ்சல் பண்றதுன்னு அர்த்தம்,” என்று சொல்லும்போதே மேசைக்கடியில், அம்மாவைக் கட்டியிருந்த துப்பட்டா விறைத்தது. தன் காலில் கட்டியிருந்த முனையை இழுத்துக்கொண்டு, ஞாபகம் மழுங்கிப்போன அம்மா வாசலுக்குக் கிளம்பிவிட்டாள். போன வாரம் லாரிக்கு முன்னால் போய் நின்றவள். கட்டிப்போடாமல் என்னதான் செய்வது?

“மிஸ், லத்தீன்ல காலுக்கு விலங்கு போடுறதுலேருந்து இந்த வார்த்தை வந்துச்சாம்,” என்றாள் திரையில் மாணவி அஃப்ரின்.

“ஆமாம்மா.”

“யார் காலுக்கு மிஸ்? கைதிங்களுக்கா?”

“விடுடி, எங்கம்மா என்னைத் தேடுவா!” என்று அம்மா பலங்கொண்டமட்டும் இழுத்தாள். நாற்காலியோடு பெர்னதெத்தும் வாசல் பக்கம் நகர்ந்தாள். குனிந்து, தன் கணுக்காலில் இருந்த மறுமுனை முடிச்சைப் பிடித்தாள். தானே ஒருமுறை இழுத்தால் போதும், அவிழ்ந்துவிடும்.