ஒரு மனசுக்கு ஒரு மந்திரம்

"ஒரு மனசுக்கு ஒரு மந்திரம், அதான் விதி. பொண்டாட்டிக்குக் கவசம் பிடிச்சுக்கிட்டே அம்மாவையும் காப்பாத்த முடியாது," என்றார் அப்பா.

மந்திரவாதிக்கு வியர்த்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவன் மந்திரவாதி. மற்ற நாட்களில் மூக்குக் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவன். சாப்பாட்டு மேசையில் ஆட்டத்தின் வரைபடம் விரிந்திருந்தது. தீக்குழம்புப் பள்ளத்தின் மேல் ஒரு கயிற்றுப் பாலம். நடுப்பாலத்தில் அவன் மனைவியின் பொம்மை, எதிரே தடியோடு ஓர் அரக்கன். அம்மாவின் பொம்மையோ கால் தவறி, பாலத்தின் விளிம்பை ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் போட்ட கவச மந்திரம்தான் மனைவியைக் காத்து நின்றது. மிதப்பு மந்திரம் போட்டால் அம்மா பிழைப்பார். ஆனால் அடுத்த நொடியே கவசம் கலையும், அரக்கன் அடி மனைவி மேல் விழும்.

"அப்பா, இந்த ஒரு தடவை மட்டும்..."

"ஆயுசு பூரா கோர்ட்டுல குமாஸ்தாவா இருந்தவன்கிட்ட வந்து விதியை வளைக்கச் சொல்றியா?"

ஆட்டத்தை நடத்துகிறவர் அப்பா. அரக்கனும் அவர், பள்ளமும் அவர், தீர்ப்பும் அவர்.

"உங்கம்மாகிட்ட சொல்லுங்க," என்றாள் மனைவி, பக்கத்து நாற்காலியில் இருந்த மாமியாரைத் திரும்பியும் பார்க்காமல். "பாலத்து ஓரத்துல நடக்கக் கூடாதுன்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"அவகிட்ட சொல்லுடா," என்றார் அம்மா. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. "நடுப்பாலத்தை அவ அடைச்சுக்கிட்டு நின்னா, நான் ஓரத்துல நடக்காம வேற எங்க நடக்கறது?"

கூடத்துத் திரைச்சீலைக்கு என்ன நிறம் என்பதில் தொடங்கிய சண்டை இது. பச்சை என்றார் அம்மா, சாம்பல் என்றாள் மனைவி. அன்றோடு பேச்சு நின்றது. அவள் இருக்கிற சமையலறையில் கால் வைக்க மாட்டேன் என்று இருவரும் சொல்லிவிட, சமையல் அவன் தலையில் வந்து விழுந்தது. கடையிலிருந்து வந்ததும் வெங்காயம் உரிப்பான், கரண்டி பிடிப்பான், பாத்திரம் தேய்ப்பான். நடுநடுவே தூது வேறு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஒரே மேசையில் உட்கார வைத்தால் சமாதானம் ஆகிவிடுவார்கள் என்று நம்பித்தான் இன்று கெஞ்சிக் கூத்தாடி எல்லோரையும் ஆட்டத்துக்கு அழைத்திருந்தான். வந்து வாய்த்ததோ இது.

அம்மாவைக் கைவிட்டால் பெற்றவளைத் தீயில் போட்டவன் ஆவான். மனைவியைக் கைவிட்டால் வீட்டுக்குள் அதைவிடப் பெரிய தீ எரியும். வெறும் பொம்மைதானே என்று சொல்லிப் பார்க்கலாம். அப்படிச் சொல்லிப் பிழைத்த ஆண்பிள்ளை யாரையும் அவன் பார்த்ததில்லை.

"மணல் இறங்கிக்கிட்டிருக்கு," என்றார் அப்பா, மணல் கடிகாரத்தைத் தட்டி.

"பெத்து வளர்த்தவ தொங்கிக்கிட்டிருக்கேன்," என்றார் அம்மா.

"நம்பி வந்தவ நின்னுக்கிட்டிருக்கேன்," என்றாள் மனைவி.

அவன் கை அம்மாவின் பொம்மைப் பக்கம் போனது, பிறகு மனைவியின் பொம்மைப் பக்கம் போனது. மணல் தீர்ந்தது.

"உன் முறை போச்சு. மனசு சிதறினா கவசமும் சிதறும், அதுவும் விதி. அம்மா கை நழுவுது, அரக்கன் தடியை ஓங்கறான். ஆக, ரெண்டு பேரையும் கைவிட்டுட்டே."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இப்போ என் முறை," என்றார் அம்மா. விழுகிறவர் குரலில் பதற்றமே இல்லை. "எனக்கு நானே இறகு மந்திரம் போட்டுக்கறேன். உடம்பு இறகு கனம்."

"மெதுவா விழுவே, அவ்வளவுதான். விழறது விழறதுதான்."

"நான் சூறாவளி விடறேன் மாமா," என்றாள் மனைவி உடனே. "அரக்கன் மேல இல்ல. பள்ளத்துக்குள்ளேருந்து மேல்பக்கமா."

அப்பா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "சூறாவளி ஆளைத் தூக்காதேம்மா."

"ஆளைத் தூக்காது. இறகைத் தூக்கும்ல?"

அப்பாவின் விரல் ஒரு வரியில் நின்றது. மெல்லத் தலையாட்டினார். அம்மாவின் பொம்மையை எடுத்து அரக்கன் தலைக்கு நேர் மேலே பிடித்தார்.

"இப்போ இறகு மந்திரத்தைக் கலைக்கறேன்," என்றார் அம்மா. "நான் போட்டிருக்கிறது முழு இரும்புச் சட்டைங்க. கணக்குல வெச்சுக்குங்க."

பகடை உருண்டது. அரக்கன் தலைகுப்புறப் பள்ளத்தில் விழுந்தான். அம்மா பாலத்தில், மருமகள் பக்கத்தில் நின்றார். மேசைக்கு இந்தப் பக்கம் மாமியாரும் மருமகளும் கைக்குக் கை தட்டிக்கொண்டார்கள்.

மந்திரவாதிக்கு மனம் நிறைந்து போனது. பேச்சே இல்லாவிட்டாலும் ஆபத்து என்றதும் ஒன்று சேர்ந்துவிட்டார்களே என்று கண்கூடக் கலங்கியது. அப்புறம்தான் பவர் பார்க்கிற புத்தி வேலை செய்தது. காற்று ஒரு நொடி முந்தியிருந்தால் அம்மா தீயில். இறகு ஒரு நொடி பிந்திக் கலைந்திருந்தால் மனைவி மேல் தடியடி. உட்கார்ந்து பேசி, நாலு தடவை ஒத்திகை பார்க்காமல் இது யாருக்கும் வராது.

"ஒரு நிமிஷம். பேசிக்காத ரெண்டு பேர் இதை எப்போ பேசி வெச்சீங்க?"

தட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. அப்பா அவசர அவசரமாகப் பகடைகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

"சண்டை மறுநாளே முடிஞ்சுடுச்சுங்க," என்று இழுத்தாள் மனைவி. "நீங்க சமைக்கும்போது, தினமும் மொட்டை மாடியில..."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஜெயிக்கிற ஆசையில கெடுத்துக்கிட்டோமேம்மா. நாளையிலேருந்து சமையல் மறுபடியும் நம்ம தலையிலதான்."