ஒரு பெண்ணிடமென்றாலும்

குருவானவர் வரமாட்டார். அவரும் அதே கொரோனாவில் விழுந்துவிட்டார் என்று மாதா கோயிலிலிருந்து சொன்னார்கள்.

தாதி அருந்ததி இதைச் சொன்னதும் சூசைப்பிள்ளை மாஸ்டர் கட்டிலில் எழும்பப் பார்த்தார். ஒக்சிசன் முகமூடியைப் பிடுங்கினார். அவள் மாட்டிவிட்டாள். மறுபடி பிடுங்கினார்.

"பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நான் போகேலாது, பிள்ளை."

அடுத்த அறையில் மணி அடித்தது. சிட்னியில் அந்த ஆகஸ்டில் எந்த வார்டிலும் மணி ஓயவில்லை. அவளுக்கு இன்னும் ஐந்து நோயாளிகள். ஒரு கால் கதவை நோக்கியே நின்றது.

மாஸ்டர் மன்னாரில் முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவர். விட்டு விட்டுச் சொன்னார். அறுநூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் கொள்ளைநோய். வயலை அறுக்க ஆளில்லை. குருமாரும் செத்து விழுந்தார்கள். அதுவரை குருவானவர் மட்டுமே கேட்ட பாவங்களை, அவர் இல்லாத இடத்தில் யாரும் கேட்கலாம் என்று ஒரு ஆயர் எழுதிவிட்டார்.

"ஒரு பொம்பிளையிட்டயெண்டாலும் சொல்லலாமெண்டு எழுதினவர்."

"நான் சைவம், மாஸ்டர்."

"சைவக்காரியிட்டச் சொல்லக்கூடாதெண்டு அவர் எழுதயில்லை."

மணி மறுபடி அடித்தது. அருந்ததி போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து குனிந்தாள்.

"இந்தக் கொரோனா வருத்தத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தது நான். ஒருத்தருக்கும் தெரியாமல் பெண்டில் ஹில் கடைக்குப் போனனான். என்ர மனிசி செத்தது என்னால. இதை லோஜனுக்குச் சொல்லுங்கோ."

அவள் கையுறையை இறுக்கிப் பிடித்தார்.

"இதை மட்டும்தான். பாவம் கேட்ட ஆக்கள் வேறொண்டுக்கும் வாய் திறக்கக்கூடாது."

பிறகு முகமூடியை மாட்ட விட்டார். பின்னேரம் ஐந்து மணிக்குமுன் இறந்துபோனார்.

மகன் லோஜன் கிரவீனில், வீட்டுக்குள் தனிமைப்படுத்தலில் இருந்தான். போன கிழமை தாயை அடக்கம் செய்தபோதும் அவனை வெளியே விடவில்லை. அருந்ததி தொலைபேசியோடு நடைகூடத்தில் மேலும் கீழும் நடந்தாள். சாவைச் சொல்லி முடிக்கவில்லை, அவன் குறுக்கிட்டான்.

"நான்தானே அக்கா வேலையிலயிருந்து கொண்டு வந்தனான்? ரெண்டு பேரையும் நான்தானே..."

அவள் நடப்பதை நிறுத்தினாள்.

"இல்லை, லோஜன். அப்பாதான் ஒளிச்சுக் கடைக்குப் போனவராம். போக முதல் தன்ர வாயால சொன்னவர்."

 மறுமுனையில் அவன் அப்பாவைத் திட்டினான். திட்டிக்கொண்டே ஓவென்று அழுதான்.

அன்று காலை மருத்துவர் ஆய்வுகூட அறிக்கையைப் படிக்க, அதை மாஸ்டரின் காதுக்குள் தமிழில் சொன்னவள் அருந்ததிதான். மகன் வேலை செய்யும் சாமான் கிட்டங்கியில் பரவிய அதே வகைக் கிருமிதான் மாஸ்டரின் உடம்பிலும்.

அந்த அறிக்கை மகனுக்கும் போகுமா என்று மட்டும் மாஸ்டர் கேட்டிருந்தார். போகாது என்று அவள் சொல்லியிருந்தாள்.