மூன்றாவது ஸ்பூன்

பெரியவர் மூன்றாவது ஸ்பூன் பாலையும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டார். எட்டாம் வகுப்பே வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"சார், தாத்தா மெய்யாலுமே குடிக்கிறாரு சார்!" என்று ஜவஹர் கத்தினான்.

காஸ்பர் சாருக்குத் தலை சுற்றியது. முந்தின நாள், பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று மயிலாப்பூரே தூக்கும் ஸ்பூனுமாக அலைந்தது. அறிவியல் வாத்தியார் சும்மா இருப்பாரா? சாக்பீஸ், ஓட்டுச்சில்லு, பூட்டு என்று கையில் அகப்பட்டதற்கெல்லாம் பால் புகட்டிக் காட்டினார். எல்லாமே குடித்தன.

"சாமிக்கு மூஞ்சி கீது சார். சாக்பீஸுக்கு இன்னா கீது?" என்று ஜவஹர் மடக்கினான்.

சாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பையன்களைத் தாழ்வாரத்துக்கு ஓட்டிவந்தார். அங்கே மூஞ்சியோடு இருந்தது ஒன்றுதான், பள்ளியை நிறுவிய பெரியவரின் சலவைக்கல் சிலை.

"குடிக்கலடா, வழியுது! பாலும் வெள்ளை, கல்லும் வெள்ளை, அதான் தெரியல. கலரா எதையாச்சும் ஊத்தினா மார் வரைக்கும் கோடு விழும். ஓடிப்போய் இங்க் கொண்டா!"

ஜவஹர் திரும்புவதற்குள் தாளாளர் ஸ்ரீரங்கன் வந்துவிட்டார். பெரியவரின் ஒரே மகன். அப்பா படத்துக்கு முன்னால் வைக்காமல் காபிகூடத் தொடமாட்டார். மூன்று வருஷமாகத் தற்காலிக வாத்தியாராகவே தேய்ந்துகொண்டிருக்கும் காஸ்பரை நிரந்தரமாக்கும் ஆர்டர், அவர் மேஜையில்தான் கையெழுத்துக்குக் கிடந்தது.

போச்சு, வேலைக்கு வேட்டு!

"எங்கப்பா வாயில என்ன ஊத்தறேள்?"

"பால் சார்... பாடத்துக்காக..."

"இன்னொரு ஸ்பூன் குடுங்கோ."

காஸ்பர் நீட்டினார். பெரியவர் அதையும் குடித்தார்.

ஸ்ரீரங்கன் கண்ணில் பொலபொலவென்று நீர். "கடைசி நாள்ல என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக்கலை. உங்க கையால குடிக்கறாரே! நாளைக்குக் கமிட்டி மொத்தமும் வரட்டும். அவா எதிர்ல நீங்க புகட்டுங்கோ, அங்கேயே ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்."

அறிவியலாவது மண்ணாவது! இங்க் பாட்டிலோடு ஓடிவந்த ஜவஹரை, காஸ்பர் கண்ணாலேயே விரட்டினார். "தாராளமா புகட்டறேன் சார்!"

நாலடி நடந்த ஸ்ரீரங்கன் திரும்பினார்.

"அப்பாவுக்கு வெறும் பால் பிடிக்காது. நாளைக்கு டிகாக்ஷன் தூக்கலா காபி!"