மணிலாவிலிருந்து வரவேண்டிய காகிதம்

கருவாட்டுக் கடை உரிமத்தைப் புதுப்பிக்க ஜனவரியில் நகராட்சிக்குப் போன மிலாக்ரோஸ், அறிவிப்புப் பலகையின் முன்னே அப்படியே நின்றுவிட்டாள்.

மணம் புரிய விண்ணப்பித்தோர் வரிசையில் அவளுடைய அக்காள் மகள் ரோவெனாவின் பெயர் இருந்தது. பக்கத்திலேயே, ட்ரைசைக்கிள் என்னும் மூன்றுசக்கர வாடகை வண்டி ஓட்டும் எல்மரின் பெயர். தாள் ஒட்டி ஏழு நாளாகியிருந்தது. பத்து நாள் பலகையில் இருந்துவிட்டால் போதும். திருமண உரிமம் கைக்கு வந்துவிடும்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் வெடித்தாள்.

"ஏண்டி, புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? கனடாவுல நிரந்தரமாத் தங்க உங்கம்மா மனுப் போட்டு நாலு வருஷம் ஆச்சு. அதுல உன்னை என்னன்னு எழுதியிருக்கா? கல்யாணம் ஆகாத மகள்னு! நீ மோதிரம் மாத்தின அன்னிக்கே உன் பேரை அடிச்சிடுவாங்க."

"அடிக்கட்டும், தீத்தா."

சித்தியை அவள் அப்படித்தான் அழைப்பாள்.

"ஊரான் வீட்டுக் கிழவியைக் குளிப்பாட்டி விட்டுக்கிட்டு அக்கா அங்க கெடந்து சாகறது யாருக்காக?"

ரோவெனா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குப் பதினாலு வயசுல போனாங்க. ரெண்டே வருஷம்னுதான் சொன்னாங்க. பதினோரு வருஷமா எனக்கு அம்மான்னா, கிறிஸ்துமஸுக்கு வர்ற அட்டைப்பெட்டிதான். எல்மர் தினமும் வர்றான்."

"நீ போய்ச் சேர்ந்து, அப்புறம் அவனைக் கூப்பிட்டுக்கயேன்."

"மறுபடியும் காத்திருக்கணுமா? என்னால முடியாது, தீத்தா."

மறுநாள் மிலாக்ரோஸ் வண்டி நிறுத்தத்துக்கே போனாள். எல்மர் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் கல்யாணம் இப்ப வேண்டாம்னு அவகிட்ட நீயே சொல்லு."

"நான் சொல்லி அவ கேட்டுட்டா அன்னிக்கே ஊர்ல வெள்ளம் வந்துடும், தீத்தா." பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "கவலைப்படாதீங்க. விருந்துல சுட்ட பன்னியோட மொறுமொறு தோலு பூரா உங்களுக்குத்தான்."

"வெக்கங்கெட்டவனே! எங்கக்கா அங்க ஒரே அறையில ரெண்டு கட்டில் வாங்கிப் போட்டிருக்காடா. ஒண்ணுல நாலு வருஷமா யாரும் படுக்கலை."

எல்மரின் கை நின்றது.

"அதுக்கு விரிப்பெல்லாம் போட்டிருக்காங்களா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம மாத்தறா. எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான்" என்றவன், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

பத்து நாள் முடிந்தது. பதிவு அலுவலகத்துக்கு ரோவெனா வெள்ளைச் சட்டையும், காதோரம் மல்லிகையுமாக வந்தாள். கடைசியாக ஒருமுறை காலில் விழுந்தாவது தடுத்துவிடலாம் என்று மிலாக்ரோஸும் பின்னாலேயே வந்திருந்தாள்.

எழுத்தர் அம்மாள் கோப்பைப் புரட்டினாள்.

"எல்மர், நீ கல்யாணம் ஆகாதவன்னு மணிலாவிலிருந்து வர வேண்டிய சான்றிதழ் வந்துச்சா? அது ஒண்ணுதான் பாக்கி."

"அது வராது, மேடம்."

"ஏன்?"

"செபூ தீவுல எனக்குப் பெண்டாட்டி இருக்கா."

ரோவெனாதான் முதலில் சிரித்தாள். "போடா, விளையாட இடமா இது?"

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒரு குழந்தையும் இருக்கு."

மிலாக்ரோஸின் செருப்பு அவன் கன்னத்தில் இரண்டு முறை விழுந்தது. வாங்கிக்கொண்டு நின்றான். எழுத்தர் அம்மாள் கோப்பை மூடினாள்.

எட்டாம் மாதம் கனடாவிலிருந்து அனுமதி வந்தது. ரோவெனா அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அதன்பின் எல்மரின் வண்டியில் அந்தத் தெருப் பெண்கள் ஏறுவதில்லை. கொட்டும் மழையில் கருவாட்டுக் கூடையோடு மிலாக்ரோஸ் நனைந்துகொண்டே நடப்பாள். அவன் பக்கத்தில் வந்து வண்டியை நிறுத்தினால், தரையில் காறித் துப்புவாள்.

மூன்றாம் ஆண்டு ஜனவரியில், மீண்டும் உரிமத்தைப் புதுப்பிக்க நகராட்சிக்கு வந்தவள், பதிவு அலுவலகத்துக்குள்ளும் எட்டிப் பார்த்துத் தன் கைப்பேசியை நீட்டினாள். படத்தில் பனிக்கு நடுவே மணக்கோலத்தில் ரோவெனா. ஒருபுறம் அவளுடைய தாய், மறுபுறம் புது மாப்பிள்ளை.

"பாருங்க மேடம், போன வாரம் கல்யாணம். அந்தப் பாவி இவ வாழ்க்கையையே கெடுத்திருப்பான். கடவுளாப் பார்த்துக் காப்பாத்தினார்."

எழுத்தர் அம்மாள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மேசையின் கீழறையைத் திறந்து, ஓர் உறையை எடுத்து மிலாக்ரோஸின் கையில் வைத்தாள்.

"யாருக்கும் காட்டக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தான். இனிமே இதை மறைச்சு யாருக்கு என்ன ஆகப் போகுது? அந்தப் பத்தாம் நாளைக்கு முந்தின சாயங்காலம் கொண்டுவந்தான். 'நாளைக்கு இது வந்துச்சான்னு கேளுங்க மேடம், நான் பாத்துக்கறேன்'னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான்."

மிலாக்ரோஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மணிலாவின் முத்திரைக்கு மேலிருந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

'எல்மர் என்னும் இவர் இந்நாள்வரை எவரையும் மணந்ததாக, நாட்டின் எந்தப் பதிவேட்டிலும் குறிப்பில்லை.'