பதினான்கு கோப்புகள்

பதினொன்று இருக்க வேண்டும். திரை பதினான்கு என்றது.

அவள் மறுபடி எண்ணினாள். போதகரான கணவர் பேசிப் பதிவுசெய்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கச் செய்திகள் பதினொன்றுதான். மீதி மூன்றின் பெயரையும் படித்தாள்.

அவளுடையவை.

சினிமாப் பாட்டுகள். கணவர் சபையாரின் வீடுகளைச் சந்திக்கப் போன மத்தியானங்களில், அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளே பாடிப் பதிவுசெய்தவை.

நகை போடாத, சினிமா பார்க்காத சபை. போதகரின் மனைவியே சினிமாப் பாட்டுப் பாடினாள் என்று தெரிந்தால், அவர் எந்த முகத்தோடு மேடை ஏறுவார்?

அதனால்தான் மறைத்து வைத்தாள். மார்த்தாண்டத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். கணினி தன் சொந்த வேலைக்கு வைத்திருக்கும் கோப்புகளைப் போல, கண்ணுக்கே படாதபடி மூன்றையும் மாற்றினாள். அதுவும் போதாதென்று, செய்திகள் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே போட்டாள். பிரசங்கத்துக்கு நடுவில் யார் சினிமாப் பாட்டைத் தேடப்போகிறார்கள்?

கெட்டிக்காரிதான்.

மூன்று வாரத்துக்கு முன்னால், செய்திகள் சபையாரின் போன்களுக்குத் தானாகப் போய்ச்சேர ஒரு மென்பொருளைப் போட்டுக்கொடுத்ததும் இதே கெட்டிக்காரிதான். யாரும் கேட்கவில்லை. தானே முந்திக்கொண்டு செய்தாள். ஃபோல்டரை அப்படியே தூக்கிக் கொடுத்தாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

மறைப்பெல்லாம் இந்தக் கணினியோடு சரி. மென்பொருள் அந்த மறைப்பைப் பொருட்படுத்தாமல் மூன்றையும் சேர்த்தே அனுப்பிவிட்டது. போனுக்கு அது தெரியவே தெரியாது. அங்கே செய்தி முடிந்தால் அடுத்தது தானாக ஓடும்.

சினிமா ஒரு கண்ணி என்று அவர் பேசிய செய்திக்கு நேர் கீழே முதல் பாட்டு நின்றது.

சபையில் நாற்பத்தொரு வீடு.

பக்கத்து ஹாலில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். கைதட்டல் சுவரைத் தாண்டி வந்தது. ஒரு மணிக்கு முடியும். முடிந்ததும் அவர் இந்த நாற்காலிக்குத்தான் வருவார். இப்போது பன்னிரண்டே முக்கால்.

மறைந்திருந்த மூன்றையும் வெளியே எடுத்து, அழி என்றாள்.

இது கணினிக்கு வேண்டிய கோப்பு, அழித்தால் கணினி இயங்காமல் போகலாம் என்றது திரை.

தான் சொன்ன பொய்யையே அது தனக்குத் திருப்பிச் சொல்வதைப் பார்க்க அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பரவாயில்லை, அழி.

வேறொரு மென்பொருள் இதைப் பயன்படுத்துகிறது, அதை மூடிவிட்டு வா என்றது.

மூடினாள். அழித்தாள். மூன்றும் போயின.

மென்பொருளை மறுபடி திறந்தாள். இங்கே அழிந்தது அங்கேயும் அழிய வேண்டுமே.

பதினான்கு.

எந்த வீட்டுப் போனிலிருந்தோ மூன்றும் பத்திரமாகத் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன.

அவள் மேசையில் ஓங்கி அடித்தாள். கை வலித்ததுதான் மிச்சம். கர்த்தாவே என்று கூப்பிட வாயெடுத்தாள். எதற்காகக் கூப்பிடுகிறோம் என்று நினைத்ததும் வெட்கமாகிவிட்டது.

மூன்று வாரம். மூன்று ஞாயிறு. எத்தனை பேர் கைகொடுத்து, ஸ்தோத்திரம் பாஸ்டரம்மா என்றார்கள். எவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. யாரும் கேட்கவில்லையா, கேட்டும் பேசாமல் இருக்கிறார்களா? இரண்டாவதுதான் அவளைத் தின்றது.

மென்பொருளுக்குள்ளேயே புகுந்து தேடினாள். எங்கோ ஒரு மூலையில் இருந்தது, எல்லாக் கருவிகளிலிருந்தும் நீக்கு என்று. அமுக்கினாள்.

பச்சைக் கோடு ஊர்ந்தது. இருபது வீடு. முப்பத்து மூன்று.

நாற்பத்தொன்று.

பதினொரு கோப்புகள் என்றது திரை.

அப்பாடா என்று சாய்ந்தாள். சாய்ந்தபோது அழுகை வந்தது. பாதி பயம், பாதி கோபம். அவள் குரல் என்று உலகத்தில் இருந்ததே அந்த மூன்றுதான்.

போன் அடித்தது.

ரெத்தினபாய். சபை மூப்பரின் மனைவி. மூட்டு ஆபரேஷன் முடிந்து வீட்டோடு கிடக்கிறார். போன ஈஸ்டருக்கு, ஒரு பெண்ணின் போனில் சினிமாப் பாட்டு அடித்தது என்பதற்காகப் பாடல் குழுவிலிருந்தே அந்தப் பெண்ணை இறக்கிவிட்டவர்.

எடுக்காமல் இருந்துவிடலாம் என்று நினைத்தாள். கை எடுத்துவிட்டது.

"பாஸ்டரம்மா, செய்தி முடிஞ்ச ஒடனே ஒரு பாட்டு வருமில்லா? இப்ப கேட்டுட்டே இருந்தேன், பாதியில நிண்ணுபோச்சு. தேடிப் பாத்தா காணல. அதத் திரும்ப அனுப்ப முடியுமா? யாருட்டயும் சொல்லாண்டாம், என்ன?"

"எந்தப் பாட்டு சிஸ்டர்?" என்றாள், தெரியாதவள் போல.

ரெத்தினபாய் தாழ்ந்த குரலில் பாடிக் காட்டினார். எழுபது வயதுக் குரல். முதல் அடி சரியாக வந்தது. இரண்டாவது அடியில், ஏறவேண்டிய இடத்தில் இறங்கினார்.

இறங்கியது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அப்படி இல்ல சிஸ்டர்" என்றாள். பிறகு அந்த அடியைப் பாடினாள். முணுமுணுப்பாக அல்ல, முழுக் குரலில்.

சுவருக்கு அப்பால் கைதட்டல் எப்போதோ நின்றிருந்தது. வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

அடி இன்னும் பாதிதான் ஆகியிருந்தது.