சிக்னல் போகாத அறை

காலையிலிருந்து ஏணி ஏறி இறங்கியதில் முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. பதினான்கு அறை வீடு. எந்த மூலையில் உட்கார்ந்தாலும் வைஃபை வேகமாக ஓட வேண்டும் என்றார் வீட்டுக்காரர் தணிகாசலம். ஒவ்வொரு அறையிலும் கதவைச் சாத்தி, கையில் போனோடு நின்று சிக்னல் பார்த்து, வைஃபை பெட்டி மாட்ட மூன்று இடங்களில் குறி போட்டேன். மாடியில் கடைசி அறை மட்டும் வெளிப்பக்கம் பூட்டியிருந்தது.

"அங்க மட்டும் ஒரு கோடுகூட வரக் கூடாது தம்பி. மருமக ரெஸ்ட் எடுக்குறா."

"ரெஸ்ட் எடுக்கப் பூட்டா சார்?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சிக்னலைத் தடுப்பதும் தெரிந்த வேலைதான். மாடிப் பெட்டியின் குறியைத் தள்ளிப் போட்டேன். அந்தச் சுவரை ஒட்டி இரும்பு பீரோ ஒன்றை நிறுத்தலாம் என்று யோசனை சொன்னதும் நானே. அதைத் தூக்க ஆள் கூப்பிட அவர் கீழே போனார். கதவுக்கு அடியிலிருந்து பிரித்த மாத்திரைக் கவர் ஒன்று மெல்ல நகர்ந்து வந்தது. அதில் பத்து எண்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்.

"அண்ணே, எங்கம்மா நம்பர். நான் இங்கதான் இருக்கேன்னு மட்டும் சொல்லிடுங்க."

"சொல்றேம்மா."

மறுநாளே பெட்டிகளை மாட்டிவிட்டேன். வீடு முழுக்க வேகம் பறக்கிறது, அந்த அறையைத் தவிர. தணிகாசலம் தன் தம்பி வீட்டு வேலையையும் எனக்கே கொடுத்திருக்கிறார். ஒரு மாதம் ஆகிறது. அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு நான் பண்ண வேண்டிய ஒரு போன் மட்டும் இன்னும் பாக்கி.