ஒற்றை இருக்கை விமானம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மடிப்பாக்கத்தில், லிஃப்ட் ஓடாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில், சாப்பாட்டு மேசையின் மேல், போர் விமானம் ஒன்றின் கட்டுமானப் பணி ஞாயிறு முற்பகல் இனிதே தொடங்கியது.

தலைமைப் பொறியாளர் அவன்தான்.

துணைத் தலைமைப் பொறியாளருக்கு ஆறு வயது. முன்பல் இரண்டைக் காணோம். நாற்காலியில் மண்டியிட்டால்தான் மேசை எட்டும்.

மகளைக் கீழே கேட் அருகே இறக்கிவிட்டு, அவள் அம்மா காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். பிரிந்த பிறகு அவள் மாடி ஏறுவதில்லை.

“அவளா வர்றேன்னு சொன்னா கூட்டிட்டு வர்றேன். அழுதா இழுத்துட்டு வர மாட்டேன்” என்று போனில் சொல்லியிருந்தாள். நியாயமான பேச்சு. அதனால்தான் வலித்தது.

போன தடவை மாலுக்குக் கூட்டிப்போனான். பொம்மை ரயிலில் ஏற்றினான். ஐஸ்கிரீம் பாதி தீரும்முன் குழந்தை அம்மாவைக் கேட்டு அழ ஆரம்பித்தது. சுற்றி இருந்தவர்கள் பிள்ளை பிடிப்பவனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தார்கள்.

ஆகவே, விமானம்.

ஒரே நாளில் முடியாது. பசை காய வேண்டும். பெயின்ட் காய வேண்டும். காய்ந்ததா என்று பார்க்கவாவது அவள் மறுபடி வந்தாக வேண்டும். ராஜதந்திரம் என்றால் இது என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான். மெச்சுவதற்கு வீட்டில் வேறு ஆள் கிடையாது.

பெட்டியைத் திறக்குமுன் சிற்றுரை ஆற்றினான். அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. இறக்கையின் சாய்வு முதல் சக்கரத்தின் கனம் வரை எல்லாம் கணக்கு. இந்தக் கலைக்கு உயிர்நாடி துல்லியம்.

துணைத் தலைமைப் பொறியாளர் மூக்கை நோண்டினார்.

பிளாஸ்டிக் சட்டத்தில் பாகங்கள் பிஞ்சுக் காய்களாய்த் தொங்கின. நகவெட்டியால் நறுக்கியது அவன். உப்புத்தாளில் தேய்த்தது அவன். ஒட்டியதும் அவன். பசைக்குப்பியின் மூடியைப் பாதுகாக்கும் மாபெரும் பொறுப்பு அவளிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவள் கொட்டாவி விட்டாள்.

பயந்துபோய் விமானியைக் கொடுத்தான்.

சுண்டுவிரல் நகத்தளவு ஆள். நாக்கைத் துருத்திக்கொண்டு அவரை இருக்கையில் ஒட்டினாள். இருக்கையைத் தூக்கி விமானத்துக்குள் இறக்கினாள். விரலால் அழுத்தி, நெடுநேரம் எடுக்காமல் வைத்திருந்தாள்.

விமானி வால் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அவன் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

கீழே ஹார்ன் அடித்தது.

“அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவேன்பா. நான் இல்லாம எதுவும் ஒட்டக் கூடாது, ஆமா!”

படியெல்லாம் அவள் செருப்புச் சத்தம். அவளாகவே சொன்னாள். யாரும் கேட்கவில்லை. அதைப் பிரியமான பாட்டுப்போல் இரண்டு நாள் மனதுக்குள் ஓடவிட்டான்.

புதன்கிழமை, இட்லித் தட்டோடு மேசையில் உட்கார்ந்தான்.

எதிரே விமானி. முதுகைக் காட்டிக்கொண்டு.

உலகத்தில் எந்த விமானப்படையிலும் இப்படி ஓர் ஆள் கிடையாது. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

யாரும் பார்க்கப் போவதில்லை.

ஆனாலும்.

பிளேடால் மெல்ல நெம்பி, இருக்கையைத் திருப்பி வைத்தான். அவள் ரேகை பதிந்திருந்த பசையைத் தேய்த்து எடுத்தான். திருப்பியாயிற்று, தூசி விழுமே என்று கண்ணாடி மூடியைப் போட்டு ஒட்டினான். மூடி ஒட்டியாயிற்று, இறக்கை மட்டும் என்ன பாவம் செய்தது? அப்புறம் வால். அப்புறம் சக்கரங்கள்.

வீட்டில் வேறு வேலையும் இல்லை.

சனிக்கிழமைக்குள் பெயின்ட்டும் காய்ந்துவிட்டது.

ஞாயிறு, திறப்பு விழா. விமானத்தின் மேல் புதுத் துண்டு போர்த்தியிருந்தான். சிறப்பு விருந்தினர் ஒரு செருப்பைக் கழற்ற மறந்து ஓடி வந்தார். துண்டை விலக்கினான்.

அவள் கை தட்டவில்லை.

கண்ணாடி மூடியில் மூக்கு இடிக்க, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தாள்.

“ஏம்பா திருப்பி வச்சே?”

“பைலட்னா முன்னாடிதான்டா கண்ணா பாக்கணும். அதான் கரெக்ட்.”

“இந்த அங்கிள் அவங்க வீட்டப் பாத்துக்கிட்டே போவாரு. அதுக்குத்தான் அப்படி வச்சேன்.”

அவன் மூடியின் விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பினான். பிளேடு எடுத்து வந்தான். கண்ணாடியில் நீளமாய் ஒரு கீறல் விழுந்தது. மூடி அசையவில்லை. நல்ல பசை.

“பரவால்லப்பா” என்றாள்.

ஆறு வயதுக்குத் தெரிந்திருக்கக் கூடாத சொல்.

“இனிமே என்ன ஒட்டணும்?”

காலிச் சட்டங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

அவள் அவனுடைய போனை வாங்கிக்கொண்டாள். ஏதோ ஒரு கார்ட்டூன் பூனை ஓயாமல் சுவரில் மோதியது. ஹார்ன் கேட்டதும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு இறங்கினாள். அடுத்த ஞாயிறைப் பற்றி அவளும் சொல்லவில்லை. அவனுக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

பால்கனிக்குப் போய்க் கையைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றான்.

கார் மெதுவாகத்தான் போனது. தெருவில் குப்பை வண்டி நின்றதால் கொஞ்ச நேரம் நிற்கவும் செய்தது. பின் கண்ணாடி வழியாக அவளுடைய இரட்டைக் குடுமி நன்றாகத் தெரிந்தது.

அவள் முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.